மனோகரி மிஸ் பீலிக்கு வந்த கதை

தெஹியோவிட்டப் பக்கம் டைல் ஒட்ட ஆள் வேண்டுமென்றால், என் புருஷன் சந்திரமோகனைத்தான் முன்பெல்லாம் கூப்பிடுவார்கள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சுவரின் மேடுபள்ளத்தைச் சாந்தால் நிரவி, நீர் கசியாத பூச்சைத் தடவிவிட்டால், அது காய்கிற வரை டைல் பெட்டியை யாரையும் தொடவிடமாட்டார். அந்தப் பெயரைக் கெடுத்தவள் மனோகரி மிஸ்.

இறப்பர் தோட்டத்துக் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைக்கு மேலே வீடு கட்டி, பால் காய்ச்ச நாளும் குறித்துவிட்டாள். குளியலறைச் சுவரில் பூச்சு இன்னும் பிசுபிசுவென்று இருந்தது.

“காயல மிஸ். இப்ப ஒட்டினா ஒழுகுங்க.”

“நல்ல நாள் தப்பக்கூடாது தம்பி. நீர் டைலை ஒட்டும், பூச்சு உள்ளுக்குள்ள காயும்.”

ஒட்டினார். சில மாதங்களில் நீர் கசிந்து கூடத்துச் சுவரில் பூஞ்சணம் பூத்தது, டைல் கழன்று விழுந்தது. ‘தோட்டத்து ஆளைப் பிடிச்சால் இப்பிடித்தான்’ என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னாள், பாவி. ஒருத்தரும் அவரைக் கூப்பிடவில்லை. பாஸ், கைதேர்ந்த மேசன் என்று பெயரெடுத்த மனுஷன் இறப்பர் பால் வெட்டப் போனார்.

ஒழுகிய சுவரைத் திருத்த, அவள் அதிகாரத்துக்குப் பயந்து வேறு எந்த பாஸும் அந்த வீட்டுப்படி ஏறவில்லை. கடைசியில் எங்களுக்கே ஆள் அனுப்பினாள். அவர் தயங்கினார். நான்தான், “போங்க” என்றேன்.

அவர் உடைத்த சுவருக்குள்தான் அந்த வீட்டுக் குழாய் ஓடியது. அதை அடைத்ததும், மலை ஊற்று விழுகிற, லயத்துப் பெண்கள் குளிக்கிற பீலியை விட்டால் அவளுக்கு வேறு தண்ணீர் இல்லை. வாளியோடு வந்தாள். நான் என் குடத்தைத் தண்ணீருக்குக் கீழேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

“கொஞ்சம் விலகும் பிள்ளை.”

“விலகுறேன் மிஸ். காயாத செவத்துல டைல் ஒட்டச் சொன்னது யாருங்க?”

சோப்புப் போட்ட கைகள் எல்லாம் நின்றன.

“நான்தான்.”

“இந்தா குளிக்கிற சின்னம்மாவுக்குக் காது மந்தம். சத்தமாச் சொல்லுங்க.”

“நான்தான் சொன்னனான்! அவரில பிழையில்லை!”

குடத்தை எடுத்தேன். ‘ஐயோ பாவம்’ என்றாள் ஒருத்தி. எனக்கு ஒரு பாவமும் தோன்றவில்லை. மறுநாளும் கேட்டேன், மறுநாளும் சொல்லிவிட்டுத்தான் குளித்தாள்.

அன்று சாயந்தரம் அவர் வந்து, “பூச்சு நல்லாக் காஞ்சிருச்சு. நாளைக்கு ஒட்டிரவா?” என்று கேட்டார்.

“இருங்க. மிஸ் சொல்றத மேல் லயத்துப் பொம்பளைங்க இன்னும் கேக்கல” என்றேன்.

அவர் தூக்குக்குண்டின் நூலைச் சுற்றிப் பைக்குள் வைத்தார்.