முகம் கேட்ட செயலி

கொல்கத்தாவின் பெஹாலாவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் மோட்டாரும் பூஜைப் பந்தலும்தான் வழக்கமான பேச்சு. போன வருஷம் செயலாளர் ஒரு புதிய செயலியைப் பற்றி எழுதினார். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் கேட்டில் முகத்தைக் காட்ட வேண்டும், செயலி படம் பிடித்துக்கொள்ளும். அவர்கள் எப்போது வந்தார்கள், போனார்கள் என்பது நம் போனில் தெரியும். கட்டைவிரல்கள் மளமளவென்று உயர்ந்தன.

என் மனைவி இதே ஊரில் லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சரளம். அதிலேயே குழுவில் கேட்டாள்: அந்தப் படங்களைக் கம்பெனி எங்கே வைத்திருக்கும்? ஒரு பெண் வேலையை விட்டுப் போனால் அழித்துவிடுமா?

சாஃப்ட்வேரில் இருக்கும் மூன்றாம் மாடிக்காரர், நம் போனுக்குத் தெரியாத ரகசியம் இன்னும் என்ன இருக்கிறது என்று பதில் போட்டார். பௌதிக்கு எதிலும் சந்தேகம்தான் என்றார் இன்னொருவர். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் பௌதி, அதாவது அண்ணி. எதற்கு வம்பு, விட்டுவிடு என்றேன்.

"சந்தேகப்படறவ நான்தான், இருந்துட்டுப் போறேன். அந்தப் பொண்ணுங்ககிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

எங்கள் வீட்டில் சமைக்கும் பெண்ணிடம் அவளே கேட்டாள். பிடிக்கவில்லைதான், ஆனால் மாட்டேன் என்றால் வேலை போய்விடுமே என்றாளாம் அந்தப் பெண்.

மனைவி உட்கார்ந்து அந்தச் செயலியின் நிபந்தனைகளை முழுக்கப் படித்தாள். படங்களைக் கூட்டாளி நிறுவனங்களோடு பகிரலாம் என்றிருந்தது. அழிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த வரிகளை அப்படியே குழுவில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கம்பெனி ஆள் வந்திருந்தார். எல்லாம் பத்திரமாக இருக்கும் என்றார். அழிப்போம் என்று எழுதித் தர முடியுமா என்று அவள் நிதானமாகக் கேட்டாள். தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்று இழுத்தார். அப்போது எழுந்தவர் மூன்றாம் மாடிக்காரர். தானும் நேற்றுத்தான் அந்த நிபந்தனைகளைப் படித்ததாகவும், பௌதி கேட்பது சரி என்றும் சொன்னார்.

முகப் படம் வேண்டாம் என்று முடிவானது. செயலாளருக்கு வருத்தம்தான், சில வாரம் எங்களோடு பேசவில்லை. அன்று கூட்டத்தில் பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்தவர், பேசியது உங்கள் மனைவியா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று நான் சொன்னது முன்வரிசை வரை கேட்டிருக்கும்.

இப்போதெல்லாம் குழுவில் புதிதாக எந்த இணைப்பு வந்தாலும் யாராவது ஒருவர் கேட்கிறார், பௌதி இதைப் படித்தாயிற்றா என்று.