துலால் பேரில் ஒரு குடம்

எங்கள் தெருவில் மொர்ஜினாவைத் திட்டாத வாய் கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன். என் அடிகுழாயின் மூக்கில் சிவப்புச் சாயம் பூசியவள் அவள்தான். ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. பத்தாம் நாள் வீட்டில் உப்பு தீர்ந்துபோனதால் பேச வேண்டியதாயிற்று.

பெரிய வெள்ளம் வந்துபோன நாலாம் வருஷம் அது. மேக்னா ஆற்றங்கரையில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு அடிகுழாய். மண்ணுக்கடியில் ஆர்செனிக் என்று ஒரு நஞ்சு கிடக்கிறதாம், குழாய் வழியே தண்ணீரோடு ஏறி வருகிறதாம். நிறமில்லை, வாடையில்லை, ருசியிலும் குறைவில்லை. சோதித்துப் பார்க்க ஊருக்கு ஒரு பெண்ணை எடுத்தார்கள். எட்டாவது படித்தவள், எந்த வீட்டுக்குள்ளும் கூச்சமில்லாமல் நுழைகிறவள் என்று மொர்ஜினாவைப் பிடித்தார்கள்.

குப்பியில் தண்ணீர் பிடித்து இரண்டு பொடி போடுவாள். மூடியில் வெள்ளைக் காகிதத் துண்டைச் செருகிவிட்டு அரைமணி காத்திருப்பாள். காகிதம் வெள்ளையாகவே இருந்தால் குழாய்க்குப் பச்சை, பழுப்பேறினால் சிவப்பு. அந்த அரைமணியில் பொரியும் வெல்லமும் வைத்து உபசரித்தவர்கள், காகிதம் நிறம் மாறியதும் தட்டை உள்ளே எடுத்துப் போனதும் உண்டு. வேறு யாரோ இல்லை, நான்தான்.

"எங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குடி. உன் காகிதம்தான் கெட்டுப்போச்சு," என்றேன்.

"இதே கட்டுக் காகிதம்தான் சாச்சி, பள்ளிவாசல் குழாய்ல வெள்ளையா இருந்துச்சு. இனிமே அங்க போய் எடுங்க."

"அவ்வளவு தூரம் எவ நடப்பா? உன் வீட்டு வாசல்லயே எடுத்துக்கறேன்."

அவள் குப்பியைக் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஊரில் இருநூற்றுப் பதினோரு குழாய் முடித்துவிட்டாள். சாயம் படாமல் நின்றது அவள் வீட்டு வாசல் குழாய் ஒன்றுதான். அதை வைத்தவள் அதே வீட்டில் இருக்கும் அவளுடைய நாத்தனார் கோஹினூர். கோஹினூரின் ஒரே மகன் துலால் ஆறு வயதில் குளத்துத் தண்ணீர் குடித்து, வாந்தியும் பேதியுமாகி இரண்டே நாளில் போய்விட்டான். இனி எந்தப் பிள்ளையும் குளத்தில் வாய் வைக்கக்கூடாது என்று காதுத் தோட்டைக் கழற்றி விற்று, அவன் பேரில் அந்தக் குழாயை இறக்கினாள். இறந்தவர் பேரில் தண்ணீர் வைத்தால் குடிக்கிற ஒவ்வொரு மிடறின் நன்மையும் அவரைப் போய்ச் சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. இருபத்திரண்டு வருஷமாக நிற்கிற குழாய்; சொந்தக் குழாய் வரும்வரை தெருவே அதில் குடித்தது, சிவப்பு விழுந்தபின் மறுபடியும் அங்கேதான். "துலாலுக்குச் சேரட்டும்" என்று சொல்லாமல் யாரும் குடத்தைத் தூக்கமாட்டோம்.

"ஊரான் குழாய்க்கெல்லாம் செவப்பு, உன் வீட்டுக்கு மட்டும் சலுகையாடி?" என்று ஒருநாள் நேருக்கு நேர் கேட்டுவிட்டேன்.

மொர்ஜினா அழுதுவிட்டாள். "முதல் நாளே பாத்துட்டேன் சாச்சி. நம்ப முடியாம மூணு தடவ பாத்தேன். ஊர்லயே அதுலதான் காகிதம் ரொம்பக் கறுத்துச்சு."

எனக்கு வந்த கோபத்தில் கை ஓங்கிவிட்டேன். என் குழாய்க்குச் சிவப்பு விழுந்த இந்த இரண்டு மாதமாக என் பிள்ளைகள் அதைத்தானே குடிக்கிறார்கள்.

"மகனைக் கொன்னது குளம், தெருவைக் கொல்றது உங்க மகன் பேர்ல நிக்கிற குழாய்னு அக்காகிட்ட எந்த வாயால சொல்லுவேன்?" என்றாள்.

"அவ உள்ளங்கைய பாத்தியா? அரிசி அரிசியாத் தடிச்சுக் கிடக்கு. நெல்லு குத்தினதுன்னா நெனச்சே? அந்த நஞ்சுதான்டி அது."

மொர்ஜினா பார்க்கவில்லை என்பதில்லை. பார்க்காததுபோல் இருந்திருக்கிறாள். அன்று மாலையே போய்ச் சொன்னாள். கோஹினூர் மறுநாள் காலையில் சாய டப்பாவைத் தானே எடுத்துக் கொடுத்து, "பூசு," என்றாள். தெரு முழுக்க நின்று பார்த்தது.

குளிக்க, துவைக்க அந்தத் தண்ணீர் ஆகும். நாலைந்து நாள் கழித்து விடியற்காலையில் துணி அலச அங்கே போனேன். கோஹினூர் குழாயடியில் குனிந்து கை நிறையப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து வந்த மொர்ஜினாவும் பார்த்துவிட்டாள்.

"அக்கா, என்ன செய்றீங்க?"

கோஹினூர் வாயைத் துடைத்துக்கொண்டாள். "யாருமே குடிக்கலேன்னா அவனுக்கு என்ன போய்ச் சேரும்? நான் ஒருத்தியாவது குடிக்கறேன். சாகிற வயசுதானே."

மொர்ஜினா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தாள். திரும்பி வர வெகுநேரம் ஆனது. புடவை பாதி நனைந்திருந்தது. குடத்தை இறக்கி, கிண்ணத்தில் மொண்டு நீட்டினாள்.

"துலால் பேர்ல கொண்டாந்தேன். குடிங்க."

"நடந்தது உன் காலு. நன்மையும் உனக்குத்தானே?"

"நான் அவனுக்குக் குடுத்துட்டேன்."

கோஹினூர் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். பிறகு பிஸ்மில்லா சொல்லிக் குடித்தாள். "நாளைக்கும் அவன் பேர்லதான் கொண்டாருவியா?" என்று சின்னப்பிள்ளைபோல் கேட்டாள்.

"தெனமும்."

மொர்ஜினா மறைத்த அந்த இரண்டு மாதத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அவளிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் மறுநாள் காலையில் பள்ளிவாசல் குழாய்க்கு அவளோடு நானும் நடந்தேன். திரும்பி வந்து கோஹினூர் காதில் விழும்படி, துலால் பெயரைச் சொல்லி என் குடத்தை இறக்கினேன்.