சவரியம்மாளின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

கடலூர் முதுநகரில் சவரியம்மாள் நடந்து போனால், கூட வருகிறவர்கள் ஓடித்தான் ஆகவேண்டும். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் சமைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேகம் அவரை விடவில்லை. 2008 ஐப்பசி மழையில் குழாயடியில் வழுக்கி விழுந்ததும் அந்த வேகத்தால்தான். பலமாக ஒன்றும் விழவில்லை. கையை ஊன்றினார், அவ்வளவுதான். வலது மணிக்கட்டு முறிந்துபோனது.

மகன் லூர்துசாமி சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டதோடு விடாமல் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். எலும்பு உள்ளுக்குள்ளேயே மெலிந்திருந்தது. வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை, வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

சவரியம்மாளும் சாப்பிட்டார், ஆறோ ஏழோ வாரம். சாப்பிட்டால் நெஞ்சு எரிந்தது. கையோ நன்றாகக் கூடிவிட்டது. வலியே இல்லாத உடம்புக்கு எதற்கு மாத்திரை? நிறுத்திவிட்டார். ஆனால் டாக்டர் கேட்கும்போதெல்லாம், "சாப்புடுறேன் சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தார். மாத்திரை அட்டைகள் பிஸ்கட் டப்பாவில் சேர்ந்துகொண்டே போயின.

2010 தை மாதம் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஒழுங்கா சாப்ட்டும் எலும்பு இன்னும் கொறைஞ்சிருக்கேம்மா. ஊசிக்கு மாத்திடலாமா? வெளிய நர்ஸ் ஜெயராணி இருப்பாங்க, அவுங்க வெவரம் சொல்லுவாங்க."

சவரியம்மாள் பொய் சொன்னதன் பலன் காகிதத்தில் எண்ணாக வந்து நின்றுவிட்டது.

வெளியே ஜெயராணி ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாத்திரைய எப்பிடி சாப்ட்டீங்க? எனக்கு அப்பிடியே செஞ்சி காட்டுங்கம்மா" என்றாள்.

இதென்ன விளையாட்டு என்று நினைத்தாலும் சவரியம்மாள் செய்து காட்டினார். இல்லாத மாத்திரையை வாயில் போட்டார். இல்லாத டீயை நாலு மடக்குக் குடித்தார். பிறகு அங்கே கிடந்த பெஞ்சில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"ஐயோ அம்மா!" என்று ஜெயராணி பதறிய பதற்றத்தில் வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"ஏன், என்னா தப்பு?"

"எல்லாமே தப்பும்மா! டீயோட போனா மாத்திர ஒடம்புலயே சேராது. படுத்தா தொண்டக் குழாய்லயே தங்கி புண்ணாக்கும். அதான் ஒங்களுக்கு நெஞ்சு எரிஞ்சிருக்கு. காலையில வெறும் வயித்துல, ஒரு சொம்புத் தண்ணியோட முழுங்கணும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, ஒண்ணும் சாப்டக் கூடாது. ஆமா, மொத்தம் எத்தினி மாத்திர சாப்ட்டீங்க?"

சவரியம்மாள் எழுந்து உட்கார்ந்து விரலை நீட்டினார். ஏழு.

ஜெயராணி திட்டவில்லை. "வலிக்கலன்னு நிறுத்திட்டீங்க, இல்ல? இந்த நோவு வலிக்காதும்மா. ஒடஞ்சாதான் தெரியும். அடுத்த வாட்டி இடுப்பு ஒடஞ்சா என்னா பண்ணுவீங்க?"

சவரியம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது. "இத மொதல்லயே ஏன் சொல்லல?"

"சீட்டுல எழுதியிருக்கேம்மா."

"சீட்டு இங்கிலீஷுல இருக்கு!"

சொன்ன கையோடு சவரியம்மாள் வரிசையைப் பார்த்துத் திரும்பிவிட்டார். இருநூறு பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிறுத்திய குரல் அது.

"ஏம்மா, வார மாத்திர சாப்புடுறவங்க யாராரு? எப்பிடி சாப்புடுறீங்க? நெசத்தச் சொல்லுங்க! நானே பொய் சொன்னவதான்!"

ஒருத்தி பாலோடு குடிப்பதாகச் சொன்னாள். இன்னொருத்தி நிறுத்தி மூன்று மாதமாகிறதென்றாள். தாழ்வாரமே கலகலத்துப் போனது. புவனகிரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த இருசம்மாள், "மறந்துடுமேன்னு மாசப் பொறப்பன்னிக்கு நாலையும் ஒண்ணா முழுங்கிடுவேங்கா" என்றதும் ஜெயராணி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். நேராக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நல்ல வேளை, பெரிய கெடுதல் எதுவும் நடந்திருக்கவில்லை.

டாக்டர் சவரியம்மாளையும் உள்ளே கூப்பிட்டார். உள்ளே போனவர் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, ஊசி இப்ப வேணாம். மாத்திரைய ஒழுங்கா சாப்ட்டுப் பாப்போம்."

கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் சவரியம்மாளுக்கு மனசு பரபரத்தது. எந்தக் கிழமை சாப்பிடுவது? அரை மணி நேரம் சும்மா உட்காருவது அவரால் நடக்கிற காரியமா? பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது பளிச்சென்று வழி தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை! விடியற்காலை மாதா கோயில் முதல் பூசைக்கு எப்படியும் வெறும் வயிற்றோடுதான் போகிறார். மாத்திரையை முழுங்கிவிட்டுப் போனால் அங்கே நிற்கலாம், உட்காரலாம், முழங்காலிடலாம். படுக்க முடியாது! பக்கத்து சீட்டுப் பெண்ணின் தோளைத் தட்டிச் சொல்லியே விட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று சாயங்காலமே கோயில் சாமியாரிடம் போய் நின்றார். மாத்திரையும் தண்ணீரும் பூசையில் நன்மை அப்பம் வாங்குவதற்குத் தடையில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் நிம்மதி. அந்த ஞாயிறே தொடங்கினார். நெஞ்சு எரியவில்லை.

அடுத்த மாதம் ஜெயராணியே போன் போட்டாள். "மொதப் புதன்கிழம எலும்பு நோயாளிங்கள கூட்டி வெச்சிப் பேசப் போறேன். நான் சொன்னா கொட்டாவி விடுறாங்க. நீங்க வந்து அந்த பெஞ்சுல படுத்துக் காட்டுறீங்களா?"

கரும்பு தின்னக் கூலியா! முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். முப்பது பெண்கள் முன்னால் டீ குடித்து, படுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் நடித்த நடிப்பில் கூடம் குலுங்கியது. சிரித்து முடித்தவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அதோடு சேர்த்துப் போடலாமா? கூடாது, அது சாப்பாட்டுக்கப்புறம். ஒரு வாரம் மறந்துபோனால்? ஞாபகம் வந்ததற்கு மறுநாள் காலை ஒன்று, ஒன்றே ஒன்று. ஜெயராணி எல்லாவற்றையும் தமிழில் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தாள். எல்லாரும் திருந்திவிடவில்லை, சில பேர் நடுவிலே நிறுத்தத்தான் செய்தார்கள். அவர்கள் வீட்டுக்கெல்லாம் சவரியம்மாளின் போன் போனது.

2012 மாசியில் மூன்றாவது ஸ்கேன். டாக்டர் பழைய ஸ்கேன் காகிதத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எலும்பு பலம் ஏறியிருக்கும்மா. நல்லாவே ஏறியிருக்கு."

"நெசமாவா சார்?"

"காகிதம் பொய் சொல்லாதும்மா."

சவரியம்மாள் காகிதத்தைப் பறித்துக்கொண்டு கதவைத் தள்ளினார். அன்றைக்கும் முதல் புதன்கிழமை. கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். முன்வரிசையில் இருசம்மாள். "ஏறிடுச்சிடி இருசு!" என்று சவரியம்மாள் கத்திய கத்தலில் மருந்து வாங்க நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். இருசம்மாள் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டாள். ஜெயராணி கைதட்ட, கூடமே தட்டியது.

கண்ணைத் துடைத்துக்கொண்ட சவரியம்மாள், புதிதாக வந்து கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துவிட்டார். கையில் பிரிக்காத மாத்திரை அட்டை. நேராக அவளிடம் நடந்தார்.

"நீ வாம்மா முன்னால. ஒனக்கு எந்தக் கெழம தோது, சொல்லு."