அவசரத் தந்தியும் அடிக்கம்பியும்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தெருவுக்கும் வேலையிடத்துக்கும் பாட்டுக் குழுவுக்கும் அவன் 'தந்தி'தான். கிட்டார் தந்தியை மீட்டுவதால் வந்த பேர் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. அந்தக் காலத்துத் தந்தி மாதிரி எப்போதும் அரக்கப்பரக்க வந்து நிற்பான், அவ்வளவுதான். உலை கொதிக்குமுன் தட்டைக் கழுவிக்கொண்டு உட்காருகிற ஆள்.

பிழைப்பு, லிஃப்ட் பழுது பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் பாட்டுக் குழுவில், பாட்டுக்கு அடிநாதம் தருகிற பேஸ் கிட்டார் வாசிப்பான். அக்காவுக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்கூட முடியவில்லை, "ஒண்ணும் ஆகாதுக்கா, ரெண்டே பாட்டு" என்று நச்சரித்து மேடையேற்றியவன் இவன்தான். முதல் பாட்டிலேயே குரல் உடைந்தது. அக்கா மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அதோடு இரண்டு வருஷம் வாய்க்குள்கூட முணுமுணுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால் இவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

போன மாதம் அவளே வந்தாள். "குரல் கீழ இறங்கிடுச்சுடா. பாட்டையும் நாலு படி கீழ இறக்குங்க. நூலக அரங்குல ஒரு மணி நேரம் குடுத்திருக்காங்க, பாடிப் பாக்குறேன்."

பாட்டு இறங்கினால் பேஸும் இறங்க வேண்டும். சாவியைத் திருகித் தளர்த்தினால், பழைய கம்பிகள் துணி காயப்போடுகிற கொடியாகத் தொய்ந்து கடகடத்தன. வாத்தியக் கடைக்கு ஓடினான்.

"தடிமனா போடு, தொய்யாது" என்றார் கடைக்காரர். "இது மேல உருண்டைக் கம்பி சுத்தினது. பளிச்சுனு கேக்கும்."

"விரலை நகத்தினா கிரீச்சுங்குமே அண்ணே! அக்கா குரல் இப்ப மெல்லிசு. என் விரல் சத்தம் அது மேல ஏறி உக்காந்துக்கும்."

"அப்ப ஃப்ளாட்வவுண்ட். பட்டைக் கம்பி சுத்தினது, வழவழன்னு இருக்கும். ஆனா போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி மந்தமா கேக்கும்."

"ஐயையோ, என் அடிக்கம்பியைக் கேட்டுத்தானே அவ சுருதி பிடிக்கிறா!"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வழவழன்னும் வேணும், பளிச்சுனும் வேணும், இறக்கினா விறைப்பாவும் நிக்கணும். மாப்பிள்ளை தேடுறவங்ககூட இத்தனை கேக்க மாட்டாங்கப்பா."

ஆனாலும் தேடிப் பிடித்தார். பளிச்சென்று கேட்கிற துருப்பிடிக்காத எஃகில், விறைப்பான ஃப்ளாட்வவுண்ட், ஐந்து கம்பி கிட்டாருக்கான கட்டு. மெல்லிய கம்பியை விட்டுவிட்டுத் தடித்த நாலை இவனுடைய நாலு கம்பி கிட்டாரில் மாட்டினால் சரியாக வரும். வெளியூரிலிருந்து வர மூன்று வாரம். மூன்று வாரமும் தந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. கம்பி வந்து உட்காருவதற்கென்று கிட்டாரின் தலைமாட்டுப் பள்ளங்களை அரத்தால் இப்போதே அகலமாக்கினான். தினமும் போன் போட்டு, "கம்பி வந்துச்சா?" என்றான். "இன்னொரு வாட்டி கேட்டா உன்னை உள்ள வச்சுக் கம்பி எண்ண விட்டுடுவேன்" என்றார் கடைக்காரர்.

வந்தது, நிகழ்ச்சியன்று மத்தியானம். "மடிச்சிட்டு அறு!" என்று கடைக்காரர் பின்னாலிருந்து கத்தியபோது இவன் படியிறங்கி வண்டியைக் கிளப்பியாயிற்று.

"சாப்பிட்டுட்டு நிதானமா மாட்டுங்களேன்" என்றாள் மனைவி.

"ரெண்டே நிமிஷம்" என்று, இருப்பதிலேயே தடித்த அடிக்கம்பியை எடுத்தான். நீளம் மிஞ்சியது. குறட்டை வைத்து நறுக்கினான். மேலே சுற்றியிருந்த பட்டை சரசரவென்று நெகிழ்ந்து, உள்கம்பியை விட்டு விலகியது. மாட்டித் தட்டினால் 'டொக்'. கதவைத் தட்டினாலும் அதே சத்தம்தான் வரும்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "லிஃப்ட் வடத்தை ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிட்டுத்தான் அறுக்கணும், இல்லைனா பிரிஞ்சிடும்னு எனக்கே பாடம் எடுத்தீங்களே?"

பதினாறு வருஷமாக வேலையில் ஒரு வடத்தைக்கூட அவன் கட்டாமல் அறுத்ததில்லை. தலையில் அடித்துக்கொண்டான். மற்ற மூன்றையும் பட்டை பிரியாதபடி மடித்துவிட்டு அறுத்து மாட்டினான், மணிமணியாகப் பேசின. பழைய அடிக்கம்பியோ அகலமான பள்ளத்தில் நிற்காமல் ஆடியது. அரங்குக்குப் போகிற வழி நெடுக அக்காவிடம் சொல்லக் கம்பி கட்டுகிற கதையாக நாலைந்து யோசித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அக்கா, அடிக்கம்பி போச்சு. என் அவசரம்தான். இன்னிக்கு வேணாம், தள்ளி வச்சுக்கலாம்."

"கம்பி நீட்டப் பாக்குறியா?"

"இல்லக்கா. அன்னிக்கு மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. அன்னிக்கு நான்தானே உன்னை..."

"ஆமா, நீதான்" என்றாள் அக்கா. "ரெண்டு வருஷமா உன் மேல கோவமாத்தான் இருந்தேன். ஆனா இன்னிக்கு நானா வந்திருக்கேன். மிச்சம் மூணு கம்பி இருக்குல்ல? நான் முதல்ல ஆரம்பிக்கிறேன். நாலு தாள வட்டம் எண்ணிட்டு நீ வா. அதுக்கு முன்னாடி வந்த, தொலைச்சிடுவேன்."

ஐந்து மணி. கீபோர்டுக்காரர் சுருதியைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அக்கா தனியாகப் பாடினாள். ஒன்று. குரல் கரகரத்தது. இரண்டு. அன்றைக்கு உடைந்த அதே இடத்தில் நடுங்கியது. ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கத் தந்தியின் விரல்கள் துடித்தன. கையைத் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டான். மூன்று. நடுக்கம் நின்றது. கனத்த, புதிய குரல் ஒன்று அரங்கின் கடைசி நாற்காலிவரை போனது. நாலு முடிந்தும் அவன் வாசிக்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. அக்கா திரும்பிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கம்பியைத் தொட்டான். கிரீச்சென்ற சத்தமே இல்லை; பளிச்சென்று கேட்டது.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குமுன் அக்கா மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு அவன் பக்கம் குனிந்தாள்.

"நாலு எண்ணச் சொன்னா எட்டு எண்ணுறியா? வாழ்க்கையில இன்னிக்குத்தான்டா தந்தி லேட்டா வந்திருக்கு" என்றாள்.

இவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடுத்த பாட்டுக்கு அவள் எப்போது தலையாட்டுவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றான்.