ஒரு வண்டி மட்டும் போகும் பாலம்

சீசன் என்றால் ஊருக்கெல்லாம் குற்றாலத்தில் குளியல். தென்காசி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த எனக்கு, ஆற்றுப் பாலத்திலிருந்து வரும் உடைந்த மண்டைகள். மாட்டுவண்டிக் காலத்தில் கட்டிய பாலம் அது. அதில் பஸ் ஏறிவிட்டால் எதிரே வரும் சைக்கிள்கூட கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அறுபதுகளில் கேரளத்துப் பக்கமிருந்து லாரிகள் பெருகின. பாலம் மட்டும் பெருகவில்லை. யார் முதலில் ஏறியது, யார் பின்னால் எடுப்பது என்று எப்போதும் அடிதடி.

ஒரு வருஷம் ஆடி மாதம் குற்றாலத்து முதலுதவிக் கொட்டகையில் எனக்கு வேலை. ஒருநாள் காலை பஸ்ஸில் போனேன். ஓட்டியவர் சாதுவான மனுஷன். என்னைக் கண்டால், "சிஸ்டர், முன்னால வாங்க" என்று கூப்பிட்டு, இடம் ஒதுக்கச் சொல்வார்.

பாதிப் பாலம் தாண்டியபோது எதிரே மரத்தடி ஏற்றிய லாரி ஏறி வந்து முட்டுகிற மாதிரி நின்றது.

"ஏலே, பின்னால எடுலே! பஸ்ஸு முழுக்க சனம் இருக்கு" என்றார் எங்கள் டிரைவர்.

"தடி ஏத்திருக்கேன் வே. சரிவுல பின்னால எடுத்தா ஆத்துக்குள்ள போயிருவேன். நீரு எடும்" என்றான் லாரிக்காரன். புளியறைக்காரன், முப்பது வயதிருக்கும்.

எங்களாலும் முடியாது. பின்னால் அதற்குள் இரண்டு கார்களும் வரிசையாக வண்டிகளும் ஏறிவிட்டன. ஹாரன், கூச்சல், தூறல். யாரோ லாரிக்காரனின் தாயைச் சொல்லித் திட்டினார்கள். அவன் குதித்து வந்து எங்கள் டிரைவரைச் சட்டையோடு பிடித்துக் கீழே இழுத்தான். முதல் அடியில் டிரைவரின் உதடு கிழிந்தது. பஸ்ஸிலிருந்து ஏழெட்டு ஆண்கள் பாய்ந்து இறங்கினார்கள். காலையில் நெற்றி நிறைய விபூதி பூசி ஏறியவர்கள், கீழே விழுந்த லாரிக்காரனை முகத்தில் மிதித்தார்கள். லாரி கிளீனர் ஜாக்கிக் கம்பியோடு வந்து ஒருவரின் முழங்கையை உடைத்தான். அந்தக் கம்பியை எங்கள் டிரைவர் பிடுங்கினார். எழுந்திருக்கப் பார்த்த லாரிக்காரனின் பின்மண்டையில் ஓங்கி ஒரே அடி. அந்தச் சத்தம் பஸ்ஸுக்குள் இருந்த எனக்குக் கேட்டது.

கூட்டம் சட்டென்று விலகியது. நான் இறங்கி அவன் தலையை மடியில் வைத்து, பையிலிருந்த பஞ்சை அழுத்தினேன். பஞ்சு முழுவதும் நனைந்தது. சேலையைக் கிழித்துக் கட்டினேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கய்யா!" என்று கத்தினேன். எதில் கொண்டு போவது? பின்னால் நின்ற ஒவ்வொரு வண்டியும் நகர்ந்தால்தான் வழி. கடைசியில் அவனை மிதித்தவர்களே தூக்கிக்கொண்டு, கார்களுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி ஒடுங்கி ஓடினார்கள். பாலத்து முனையில் ஒரு வில்வண்டி கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது நாடி இல்லை.

எங்கள் டிரைவர் பாலத்திலேயே கம்பியோடு உட்கார்ந்திருந்தாராம். போலீஸ் வந்ததும், "நான்தான் அடிச்சேன்" என்று எழுந்து போனாராம்.

சாயங்காலம் இறந்தவன் மனைவி வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. அப்போது ரோட்டு ஓவர்சியரும் விசாரிக்க வந்திருந்தார். அவராகவே அவளிடம் போய், "வருஷா வருஷம் பாலத்தை அகலப்படுத்த எஸ்டிமேட் அனுப்புதோம்மா. நிதி இல்லைன்னு திரும்பி வந்துருது" என்றார்.

பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு அவரை அறைந்தாள். கண்ணாடி தெறித்தது. மறுபடி அறைந்தாள். "ஒரு உசுருக்கு எம்புட்டு நிதிலே வேணும்? சொல்லுலே!" மூக்கில் ரத்தம் வடிய அவர் கையைக்கூடத் தூக்காமல் நின்றார். நான் அவளைத் தடுக்கவில்லை. எனக்கும் யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது.

கோர்ட்டில் சாட்சி சொன்னேன். முதலில் கை வைத்தது யார், கம்பியை எடுத்தது யார் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். பாலத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததும், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா" என்றார் வக்கீல். டிரைவர் ஜெயிலுக்குப் போனார்.

பாலத்தை அகலப்படுத்த ஒருவழியாகப் பணம் வந்தபோது நான் ஆலங்குளத்துக்கு மாற்றலாகியிருந்தேன். அதுவரை ஒவ்வொரு சீசனிலும் அந்தப் பாலத்திலிருந்து ஆட்களைத் தூக்கி வந்துகொண்டேதான் இருந்தார்கள்.