தீபாவளிக்கு மட்டும் சுருதி சேர்த்த பியானோ

பினாங்கில், டத்தோ கிராமாட்டில் அக்காள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய பியானோ இருந்தது. அதன் மேல் குடும்பப் படங்கள், பிளாஸ்டிக் ரோஜாக்கள். அக்காள் கணவர், என் அத்தான், அதைப் பெருமைக்காக வாங்கியவர். மாக் மண்டின் தொழிற்சாலைகளில் வேலை பறிபோகும்போதெல்லாம் அந்த வீட்டில்தான் போய்ப் படுப்பேன். அதனால் அத்தானை அருகிலிருந்தே வெறுக்க எனக்கு வசதி இருந்தது.

தெரிந்தவர்கள் எல்லாரும் வந்து போகும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு முன், சுவருக்குச் சாயம் அடிக்கும் வாரத்தில், சுருதி சேர்க்கும் சீனரை அழைப்பார். வருடத்துக்கு அந்த ஒரு தடவைதான். பினாங்கின் ஈரக்காற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சேர்க்க வேண்டும், இவ்வளவு தளர்ந்த கம்பிகளை ஒரே நாளில் ஏற்றினால் நிற்காது, சீக்கிரமே மறுபடி பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அத்தான் "ஓகேலா, ஓகேலா" என்று அனுப்பிவிடுவார். பலகாரம் தீர்வதற்குள் சுருதி இறங்கிவிடும். மீதி மாதங்கள் அதில் பழகியவள் அக்காள் மகள். இசை ஆசிரியை ஆக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு வருடம் அவளுக்குப் பியானோத் தேர்வு ஆண்டு நடுவில் வந்தது.

"பரீட்சைக்கு முன்னாடி ஒரு தடவ டியூன் பண்ணிருங்க அத்தான்," என்றேன்.

"இப்ப யாரு வீட்டுக்கு வர்றா? பள்ளியில மூணாம் படிவம் தாண்டாதவன் பியானோ பத்திப் பேசுறான் பாரு."

"வேல ஏதும் கெடச்சிச்சா தம்பி?" என்று அக்காள் பேச்சை மாற்றினாள்.

தேர்வறையில் இருந்தது ஒழுங்காகச் சுருதி சேர்த்த பியானோ. வீட்டில் இறங்கிப்போன ஒலிக்கே பழகிய காது அவளுடையது. சரியான கட்டையை அழுத்தியும் வேறு சத்தம் கேட்டது. விரல் தவறிவிட்டதென்று நினைத்து நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள், மறுபடி நிறுத்தினாள். தேறவில்லை. "கவனம் பத்தல" என்று அத்தான் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கு அவர் வீட்டுச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் தின்றேன், போக வேறு இடம் இல்லை.

தீபாவளி வந்தது, சீனரும் வந்து போனார். கூடம் நிறைய விருந்தாளிகள்.

"வாம்மா, அங்கிளுக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டு," என்றார் அத்தான்.

அவள் முறுக்குத் தட்டை அவர் கையில் கொடுத்தாள். "விருந்தாளிக்குத்தானே டியூன் பண்ணீங்க. அவங்களையே வாசிக்கச் சொல்லுங்கப்பா."

யாரோ சிரித்தார்கள். அத்தான் தட்டோடு நின்றார்.

இன்று அவள் கெலுகோரில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். அந்தத் தேர்வுக்கு அடுத்த வருடம் வேறொருவர் வீட்டுப் பியானோவில் பழகித் தேறியவள். தன் பியானோவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ஆள் வைத்துச் சுருதி சேர்க்கிறாள். அத்தான் அங்கே போனால் உட்காரச் சொல்வாள், தேநீர் கொடுப்பாள், மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று விசாரிப்பாள். ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லி அவர் கேட்பார்.

வாசிக்க மாட்டாள்.