பீரோவில் இருந்த ராஜா உடை

கல்யாணமாகி என் மனைவி புனேக்கு வந்த புதிது. ஊருக்குள் கட்கி என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுப் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது, முத்து வைத்துத் தைத்த நீளமான ஊதாப் பட்டு அங்கி ஒன்று அவள் கையில் சிக்கியது.

"இது எந்தப் பொண்ணோடது?" என்றாள். 

"என்னோடதுதான். அந்தக் காலத்துல கான்ஸ்டான்டினோபிள்ல, இப்போ இஸ்தான்புல்னு சொல்றாங்களே, அங்க ஆண்ட பைசாண்டிய ராஜா போட்ட உடை. நானே தைச்சேன்."

சைபர் கஃபேயில் பழைய பைசாண்டியச் சுவர்ச் சித்திரங்களைத் தேடிப் பார்த்து, லட்சுமி ரோட்டில் துணி எடுத்து, ஞாயிறுகளில் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தது. நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் கேலி செய்வார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அவளும் சிரிக்கப்போகிறாள் என்று தலைகுனிந்து நின்றேன்.

அவள் அங்கியை என்னிடம் நீட்டினாள். "போட்டுக் காட்டுங்க."

போட்டுக்கொண்டு வந்தேன். சுற்றிவந்து நிதானமாகப் பார்த்தாள். தோளில் மடிப்பு நழுவியது. தன் புடவையிலிருந்த பின்னைக் கழற்றிக் குத்திவிட்டாள்.

"ராணி என்ன உடுத்துவா?"

"அதை இன்னும் தைக்கல."

"அப்போ எனக்கு அளவு எடுங்க" என்று கைகளை விரித்து நின்றாள்.

டேப்பை எடுத்து அவள் தோளில் வைத்தேன். இப்படி ஒருவர் கேட்கமாட்டாரா என்று இத்தனை வருடம் ஏங்கியிருந்தது, அன்றுதான் எனக்கே தெரிந்தது.